சூட்டில் முரண்டு பிடிக்கும் லாரி

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சிமெண்டு மூட்டை ஏற்றிச் செல்லும் பழைய டாடா 407 ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்கழிப் பனியிலும் விடிகாலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிய வண்டி. ஜவ்வாது மலையின் வளைவுகளில் இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக மாற்றி மாற்றி ஏறி, ஒருவழியாக மேலே வந்து சேர்கிறது. ஓட்டுநர் டீ குடிக்க நிறுத்துகிறார். இருபது நிமிடம் கழித்து வந்து செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது. பிடிக்க மாட்டேன் என்கிறது. பேட்டரி தீரும்வரை அடித்தாலும் அதே கதைதான். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடித்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. கிளம்பினாலும் நிம்மதியில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி உதறுகிறது, பக்கக் கண்ணாடி நடுங்குகிறது, கியர் கம்பி தானாக ஆடுகிறது.

திருவண்ணாமலைப் பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இது கேட்டுச் சலித்த தொல்லை. ஆனால் இதற்குள் ஒரு நல்ல இயற்பியல் புதிர் இருக்கிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. எரிபொருளைப் பற்றவைப்பது சூடு மட்டுமே. அப்படியானால் பனியிலேயே கிளம்பிய எஞ்சின், சூடேறிய பிறகு இன்னும் சுலபமாக அல்லவா கிளம்ப வேண்டும்? சூட்டை நம்பி ஓடும் எஞ்சின் சூட்டிலேயே படுத்துக்கொள்வது ஏன்?

தீப்பொறி இல்லாத நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றைச் சட்டென்று அமுக்கினால் அது சூடாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சின் இந்த ஒரே தத்துவத்தில் இயங்கியது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பதினாறு பதினேழு மடங்கு சிறிதாக அமுக்கினால், அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரியே போதும். அமுங்கிய காற்றுக்குள் டீசலைப் பீச்சினால், பீச்சிய கணமே எரியும்.

ஆக, டீசல் எஞ்சின் கிளம்ப மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைப் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் காற்றை ஒழுகவிடாமல் அமுக்க வேண்டும். எரிபொருள் பம்பு டீசலைப் போதிய அழுத்தத்தில், அதைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசிலுக்குத் தள்ள வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால் நடுவில் உள்ள வேலை எளிதாகும். முதல் வேலையும் மூன்றாவது வேலையும் அதே சூட்டால் கடினமாகும். புதிருக்கான விடை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையேறி நின்ற உடனேயே, எஞ்சினை அணைத்து உடனடியாக அடித்தால் வண்டி பெரும்பாலும் கிளம்பிவிடும். டீ குடித்துவிட்டு வந்தால்தான் முரண்டு. நிறுத்தி வைத்தால் ஆறத்தானே வேண்டும்? இங்கே நடப்பது வேறு. எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் சுழன்று ரேடியேட்டர் வழியே சூட்டை வெளியேற்றுகிறது. ஃபேன் காற்று எல்லா உறுப்புகளின் மேலும் வீசுகிறது. புதிய டீசல் பம்பு வழியே ஓடி அதைக் குளிர்விக்கிறது. அணைத்த கணமே இந்த மூன்றும் நின்றுபோகின்றன. சிலிண்டர் பிளாக்கின் இரும்பு தேக்கிவைத்திருக்கும் சூடு மெல்லப் பக்கத்தில் உள்ள பம்புக்கும் ஸ்டார்ட்டருக்கும் பரவுகிறது. ஓடும்போது இருந்ததைவிட, நின்று கால்மணி அரைமணி கழித்தே அவை அதிகச் சூடாக இருக்கும். இதைத் தேங்கு சூடு என்று சொல்லலாம். அதற்கும் பிறகுதான் எல்லாம் ஆறத் தொடங்குகிறது. ஓட்டுநரின் டீ இடைவேளை, தேங்கு சூடு உச்சத்தில் இருக்கும் நேரத்தோடு பொருந்திப் போகிறது.

மைக்ரான் இடைவெளியில் நடக்கும் கசிவு

டீசலைத் துல்லியமாக அளந்து பீச்சுவது எளிதான வேலையாக இருக்கவில்லை. ருடால்ஃப் டீசலே காற்றழுத்தத்தின் உதவியோடுதான் எரிபொருளை ஊதி அனுப்பினார். ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் இன்லைன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே லாரிகளில் டீசல் எஞ்சின் பரவலானது. அதன் இந்திய வாரிசாக 1951-இல் தொடங்கப்பட்ட மைகோவின் பெயரைச் சொல்லாத டீசல் பட்டறை தமிழ்நாட்டில் அபூர்வம்.

இந்தப் பம்பின் உயிர்நாடி, மெக்கானிக்குகள் எலிமெண்ட் என்று சொல்லும் உருளைத்தண்டும் அதன் உறையும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் எதுவும் கிடையாது. இடைவெளி மிகச் சிறியதாக இருப்பதே அங்கே அடைப்பு. புதிய எலிமெண்டில் அது 2 முதல் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு இருக்கும் என்பதை நினைத்தால் அந்த நுணுக்கம் புரியும். பழைய எஞ்சின்களில் நாசில் ஊசியைத் தூக்கித் திறக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கு மேல் வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் முன்னே நாசிலுக்கும் போகப் பார்க்கும், பக்கத்து இடைவெளி வழியே பின்னுக்கும் நழுவப் பார்க்கும்.

மறுபடி சைக்கிள் பம்புக்கு வருவோம். உள்ளே தோல் வாஷர் தேய்ந்துபோன பம்பை மெதுவாக அழுத்தினால் காற்று வாஷரைச் சுற்றிப் பின்னால் போய்விடும், டயர் ஏறாது. வேகமாகக் குத்தினால் ஓரளவு ஏறும். வாஷரில் எண்ணெய் தடவினால் பழைய பம்பே நன்றாக வேலை செய்யும். கசிவைத் தீர்மானிக்கும் மூன்று காரணிகளும் இதிலேயே இருக்கின்றன: இடைவெளியின் அகலம், தள்ளும் வேகம், இடைவெளியில் நிற்கும் திரவத்தின் பாகுநிலை.

பாகுநிலை என்பது திரவம் ஓட மறுக்கும் குணம். டீசல் சூடாகச் சூடாக அது குறையும். 40 டிகிரியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் 80 டிகிரியில் இருக்கும். பாகுநிலை பாதியானால் கசிவு இருமடங்கு. இடைவெளியின் கணக்கோ இன்னும் கொடுமையானது. அகலம் இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். 3 மைக்ரான் இடைவெளி பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டத்தில் 6 மைக்ரானாகத் தேய்ந்து, டீசலும் 80 டிகிரிக்குப் போனால், இரண்டும் பெருக்கிக் கசிவு பதினாறு மடங்காகிறது. தேய்மானம் மட்டும் இருந்தால் வண்டி சமாளிக்கும். சூடு மட்டும் இருந்தாலும் சமாளிக்கும். இரண்டும் கூடும்போது நாசில் திறப்பதில்லை.

அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏன் நின்றுபோவதில்லை? நல்ல கேள்வி. நடப்பதை மட்டும் சொல்லி, நடக்காததைச் சொல்லாத விளக்கம் அரைகுறை விளக்கம்தான். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 150, 200 சுற்றுதான் சுற்றுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் ஐட்லிங்கிலேயே 600-க்கு மேல். பம்பின் தண்டு மூன்று நான்கு மடங்கு வேகமாக நகர்வதால், டீசல் பின்னால் நழுவ அவகாசம் கிடைப்பதில்லை. ஓடும்போது பிழைத்துக்கொள்ளும் பம்பு கிளம்பும்போது மட்டும் தோற்பது இதனால்தான்.

சித்திரை வெயிலில் டேங்கில் கால்வாசி டீசலோடு ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை கூடுதலாக வரும். நாசிலிலும் பம்பிலும் மிஞ்சிய சூடான டீசல் ரிட்டர்ன் பைப் வழியே டேங்குக்கே திரும்புகிறது. டேங்கில் அளவு குறைவாக இருந்தால் மொத்தமும் சூடாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்த டீசலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மண்ணெண்ணெய் இயல்பிலேயே நீர்த்தது.

ஈரத்துணிச் சோதனை

பம்புதான் காரணம் என்பது இதுவரை ஓர் ஊகம் மட்டுமே. அதை எப்படி உறுதி செய்வது? பழைய மெக்கானிக்குகளிடம் இதற்கு ஒரு சோதனை உண்டு. வண்டி கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே, பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சில நிமிடம் குளிரவைப்பார்கள். பிறகு செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டால், தேய்ந்தது பம்பு. எல்லா சிலிண்டருக்கும் ஒரே அமுக்குப் பகுதி வேலை செய்யும் ரோட்டரி பம்பில் இந்தச் சோதனை மிகத் தெளிவாகப் பேசும்.

ஆய்வகத்தில் செய்யும் சோதனைக்கு உரிய இலக்கணம் இதில் முழுதாக இருக்கிறது. எஞ்சின், பேட்டரி, டீசல் என்று மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு உறுப்பின் வெப்பம் மட்டும் மாற்றப்படுகிறது. வெறுமனே ஒரு மணி நேரம் காத்திருந்து கிளப்பினால் இந்தத் தெளிவு கிடைக்காது. அதற்குள் எல்லாமே ஆறிவிடும், எது ஆறியதால் கிளம்பியது என்று சொல்ல முடியாது.

இதிலும் ஒரு பொறி உண்டு. ரோட்டரி பம்பின் மேலேயே டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சொலினாய்டு இருக்கும். அதன் கம்பிச்சுருள் சூட்டில் வேலை செய்யாமல் போனாலும் டீசல் வராது. ஈரத்துணி அதையும் குளிர்வித்துவிடும். ஆகவே துணி போடுமுன் சாவியை ஆன் செய்து, சொலினாய்டு ‘டிக்’ என்று ஒலிக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒலித்தால் அதன்மேல் உள்ள சந்தேகம் பெருமளவு தீர்ந்தது.

எச்சரிக்கை ஒன்று: அவசரத்தில் குடம் தண்ணீரைச் சூடான பம்பில் ஊற்றக் கூடாது. வெளிக்கூடு சட்டென்று சுருங்கினால், மைக்ரான் இடைவெளியில் சுழலும் உள்ளுறுப்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சூட்டில் மறுக்கும் பம்பைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதனை மேசையில் மாட்டினால் ‘பம்பு நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற பதில் வருவதும் உண்டு. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. சோதனை மேசையில் ஓடும் திரவம் 40 டிகிரி அளவில் வைக்கப்படுகிறது. பழுது வாழ்வதோ 80 டிகிரியில். சூட்டில் வரும் பழுது என்பதைச் சொல்லி அனுப்பினால்தான், செல்ஃப் அடிக்கும் வேகத்தில் பம்பு எவ்வளவு தள்ளுகிறது என்பதை அவர் தனியாகக் கவனிப்பார்.

மூன்று வோல்ட் எங்கே போனது?

ஈரத்துணிக்கும் முன்னால் செய்ய வேண்டியது காதைத் தீட்டுவது. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் காலையில் சுற்றிய அதே வேகத்தில் சுற்றுகிறதா, முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் பம்பைக் குற்றம் சொல்வதற்கு இன்னும் நேரம் வரவில்லை. முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கப்பட்ட காற்று வளையங்களைச் சுற்றி ஒழுகும், சுவருக்குச் சூட்டைப் பறிகொடுக்கும், பம்பும் மெதுவாகும்.

ஸ்டார்ட்டருக்குள் இருப்பது செம்புக் கம்பிச்சுருள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் இருந்த மோட்டார் தேங்கு சூட்டில் 100 டிகிரியானால், தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். புதிய வண்டியில் இந்த இழப்பு தெரியாது. பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்து, எர்த் ஒயரின் நட்டு துருப்பிடித்த பழைய வண்டியில் இது கடைசி அடி.

12 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது 300 ஆம்பியர் அளவு மின்னோட்டம் பாயும். வழியில் எங்காவது வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது மீதிதான். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டர் ஓம் அளவில் காட்டாது. அதனால் வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக்கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் திருடன் இருக்கிறான். மீட்டர் இல்லையா? நாலைந்து முறை செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். மற்றவை சாதாரணமாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் தொலைந்த வோல்ட் அங்கேதான் சூடாக மாறியிருக்கிறது.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சைலன்ஸர் முனையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. அப்போது சந்தேகம் கம்ப்ரஷன் (காற்றின் அமுக்கம்) மீதும் டைமிங் (பீச்சும் நேரம்) மீதும். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. ஈரத்துணியை எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

ஐட்லிங் ஏன் காட்டிக்கொடுக்கிறது?

இனி உதறல். தீபத் திருவிழா நெரிசலில் வண்டி நின்று நின்று நகரும்போது உதறும் அதே எஞ்சின், செங்கம் சாலையில் வேகம் எடுத்ததும் சீராக ஓடும். வேகத்தில் பழுது சரியாகிவிடவில்லை, மறைந்துகொள்கிறது.

நம் பழைய 407-இல் இருப்பது 497 எஞ்சின். நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம் என்று பெயரிலேயே விவரம் உண்டு. ஐட்லிங்கில் இந்த அளவு எஞ்சினுக்கு ஒரு பீச்சலுக்கு வேண்டிய டீசல் 10 கன மில்லிமீட்டர் அளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. முழுச் சுமையில் அது நான்கைந்து மடங்காகும். ஒரு நாசில் 3 கன மில்லிமீட்டர் குறைத்துப் பீச்சினால், சுமையில் அது கண்ணுக்குத் தெரியாத குறை. ஐட்லிங்கில் முப்பது சதவீதம். ஃபிளைவீலும் அங்கே உதவாது. அதில் சேரும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 2400 சுற்றில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 600 சுற்றில் இருக்கும். ஒரு சிலிண்டர் வேலையைத் தட்டிக்கழித்தால் அதை ஈடுகட்ட கையிருப்பு இல்லை.

உதறலின் தாளமும் தகவல் தரும். 600 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 5 முறை எரிகிறது. நொடிக்கு ஐந்து என்ற ஒழுங்கான குலுக்கல் இருந்தால் ஒரு சிலிண்டர் ஊமை என்று கொள்ளலாம். ஓரிரு நொடிக்கு ஒருமுறை வேகம் ஏறி இறங்கினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையோ டீசலில் கலந்த காற்றையோ சந்தேகிக்க வேண்டும். சைலன்ஸர் சத்தம் சீராக இருந்து கேபின் மட்டும் ஆடினால், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்துபோயிருக்கலாம்.

ஊமை சிலிண்டரைப் பிடிக்கும் முறை எளிமையானது. ஐட்லிங்கில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் எஞ்சின் இன்னும் மோசமாக உதறினால், அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. பிறகு அதன் நாசிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பழுது நாசிலோடு இடம் மாறினால் நாசில் காரணம். அதே சிலிண்டரில் தங்கினால் இன்லைன் பம்பின் அந்த எலிமெண்டோ, கம்ப்ரஷனோ காரணம். கம்ப்ரஷன் மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும்.

தளர்த்தும்போது கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நட்டின் மேல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படிப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் நிற்கும் காமன் ரெயில் வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

காற்றுப் பிடிப்பது தனி வகை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. ஓடும்போது அங்கே உள்ளே இழுக்கும் நிலை என்பதால் காற்றுதான் நுழையும். துடைத்துப் பார்த்தால் ஈரமே தெரியாது. அந்த வழியில் ஓரடி தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தால் குமிழ்கள் தெரிந்துவிடும். இந்த வகைப் பழுது இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் அதிகம் வாட்டும். டீ இடைவேளையில் மட்டும் வரும் தொல்லைக்கு இதன்மேல் பழிபோடுவது சரியாக வராது.

சூட்டில் மறுப்பும் உதறலும் சேர்ந்தே வந்தால், வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விடப்படும் டேபட் இடைவெளியையும் மறக்கக் கூடாது. வால்வு தன் இருக்கையில் அமர்ந்து அமர்ந்து தேயும்போது இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வுத் தண்டு நீண்டால் மிச்ச இடைவெளியும் போய், வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் ஒழுகும். ஃபீலர் கேஜ் ஒன்றும் அரைமணி நேரமும் இருந்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

லாரி உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் செல்ஃப் வேகம், எர்த் இணைப்பு, புகை, சொலினாய்டு ஒலி, ஈரத்துணி, பைப் நட்டு, டேபட் என்ற வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் செலவே ஆகாது. இவற்றில் பல, பழுது நிகழும் இடத்திலும் நேரத்திலும் மட்டுமே செய்யக்கூடியவை. பட்டறைக்கு வருவதற்குள் எஞ்சின் ஆறி, தடயம் போய்விடும். ஆகவே டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டை வையுங்கள். வண்டி மறுக்கும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, டேங்கில் எவ்வளவு டீசல், செல்ஃப் வேகமா மெதுவா, புகை உண்டா இல்லையா என்று ஓட்டுநர் குறித்து வைக்கட்டும். மெக்கானிக்கிடம் போகும்போது வண்டியோடு அந்த நோட்டையும் கொடுங்கள்.